அவுககிட்ட கேட்டுட்டு வாரேன்

குரு என்றதும் ஒரு தாடி, ஒரு மரத்தடி, காலடியில் கைகட்டி நிற்கும் ஒரு வாலிபன் என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இந்தக் கதையில் கொஞ்சம் ஏமாற்றம் இருக்கிறது. இதில் தலை நரைத்தவர்தான் சீடர். குருவுக்கு நாற்பது வயது. கோவில்பட்டியில் குழந்தைகள் டாக்டர். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுகிற கெட்ட பழக்கம் உண்டு.

குருவின் பெயர் அமலோற்பவம். பெயர் ஆளைவிட நீளமாக இருந்ததால் ஊர் அவரை அமலா டாக்டர் என்று சுருக்கிவிட்டது.

சீடர் திருமேனிநாதன், மதுரையில் பேர் வாங்கிய புற்றுநோய் அறுவை மருத்துவர். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு வந்த பெண்களுக்கு ஆபரேஷன் செய்தே காலம் கழித்து ஓய்வு பெற்றவர். மனைவி சிவகாமி போன வருடம் தவறிவிட்டார். மகன் வெளிநாட்டில். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அந்த நோய் வராமல் காக்க, வளரும் பெண்பிள்ளைகளுக்கு ஒரு தடுப்பூசி இருக்கிறது. தயங்குகிற பெற்றோரிடம் அதைப் பற்றி எப்படிப் பேசுவது என்று டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை வந்தபோது ஓடிப்போய் ஒப்புக்கொண்டார்.

சொல்லிக்கொடுப்பதற்கு முன் நாமே ஒருமுறை பேசிப் பார்ப்போமே என்று ஒரு முகாமில் போய் உட்கார்ந்தார். தாய்மார்கள் கேட்டார்கள், தலையாட்டினார்கள், எழுந்து போனார்கள். ஒருத்தியும் திரும்பி வரவில்லை. கத்தியைக் கீழே வைத்தபிறகு தன்னிடம் மிச்சமிருப்பது வாய்தான், அதுவும் வேலைக்கு ஆகவில்லையே என்று மனிதர் நொந்து போனார்.

அப்போதுதான் யாரோ சொன்னார்கள். கோவில்பட்டியில் ஒரு அம்மா இருக்கிறார், அவரிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்கூடத் திரும்பி வருகிறார்கள் என்று. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார்.

வந்த அன்றே கேட்டார்.

"மேடம், தயங்குற பெத்தவங்களைச் சம்மதிக்க வைக்கிறது எப்படி?"

அமலா டாக்டர் வாயிலிருந்த தயிர்சாதத்தை விழுங்கிக்கொண்டு, "அந்த ஸ்டூலைச் சுவரோரமா போட்டு உக்காருங்க சார்" என்றார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

உட்கார்ந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் அவர் நடந்து வந்தால் பத்துப் பேர் பின்னால் நடப்பார்கள். இங்கே சுவரோரம், எடை பார்க்கும் மிஷினுக்குப் பக்கத்தில், மூக்கு ஒழுகும் குழந்தைகள் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன.

பார்த்ததில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வளர்ந்த பெண்பிள்ளை யாராவது காய்ச்சல், வயிற்றுவலி என்று வந்தால், மருந்து எழுதிவிட்டு அமலா டாக்டர் சாதாரணமாகச் சொல்வார்: "இந்த வயசுப் பிள்ளைகளுக்கு ஒரு ஊசி இருக்கு. பின்னால கர்ப்பப்பை வாயில புத்து வராம காக்கும். போட்டுருவமா?" பாதிக்கு மேல் சரி என்பார்கள். தயங்குகிறவர்களைப் பார்த்து, "மனசுல என்ன ஓடுது?" என்று கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார்.

அந்தச் சும்மா இருப்பதைத்தான் திருமேனிநாதனால் தாங்க முடியவில்லை. மின்விசிறி சுற்றும். குழந்தை இருமும். தாய் சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவாள். ஆபரேஷன் தியேட்டரில் இவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் நோயாளி போய்ச் சேர்ந்துவிடுவாள். பதில் தெரிந்தவர் ஏன் இப்படி வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்று அவருக்குள் எரிச்சல் குமுறியது.

"ஒரு கேஸ் எனக்குக் கொடுங்க மேடம்" என்றார்.

"அதுக்கென்ன சார், தாராளமா."

அப்படித்தான் காந்திமதி அவருக்கு வந்து வாய்த்தாள்.

காந்திமதி தீப்பெட்டி ஆபீசில், அதாவது தீப்பெட்டி செய்யும் கம்பெனியில், வேலை பார்ப்பவள். விரல்களில் பசை காய்ந்த வெள்ளை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் தர்ஷினிக்குச் சளி என்று கூட்டி வந்திருந்தாள். அந்தப் பெண் ஸ்டூலில் நேராக உட்காராமல் இரண்டு காலையும் ஆட்டிக்கொண்டு, சடை ரிப்பனைக் கடித்துக்கொண்டிருந்தாள். சளிக்கு மருந்து எழுதியாயிற்று. ஊசி இருக்கிறது, போட்டுருவமா என்று அமலா டாக்டர் கேட்டாயிற்று. காந்திமதி விரலில் காய்ந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"சார் மதுரையில பெரிய டாக்டர். கொஞ்சம் பேசணும்னு ஆசைப்படுறாரு" என்று அமலா டாக்டர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

திருமேனிநாதன் தொண்டையைச் செருமினார்.

"பயப்படாதீங்கம்மா" என்று ஆரம்பித்தார்.

பாவம், அதுவரை அவள் பயந்தது போலத் தெரியவில்லை.

"இந்த ஊசி போட்டா பின்னால குழந்தை பிறக்காதுன்னு சொல்வாங்க. தப்பு. வயசுக்கு வந்த பிள்ளை கெட்டுப்போகும்னு சொல்வாங்க. அதுவும் தப்பு. வெளிநாட்டுக்காரன் நம்ம மேல சோதனை பண்றான்னு போன்ல வரும். சுத்தப் பொய். செத்துப்போயிருவாங்கன்னு..."

"சாவாங்களா?" என்றாள் தர்ஷினி, ரிப்பனை வாயிலிருந்து எடுத்துவிட்டு.

"சேச்சே. ஒண்ணும் ஆகாது. பயப்படவே பயப்படாதீங்க."

பையிலிருந்து தன் படப் புத்தகத்தை எடுத்தார். முற்றிய புற்றுநோயின் படங்கள், பளபளவென்று கண்ணாடித் தாளுக்குள். முதல் படத்தைப் பார்த்ததுமே காந்திமதி மகளின் தோளைத் தொட்டு, "தர்ஷினி, வெளிய போயி உக்காரு" என்றாள். தர்ஷினி போனாள். அவர் மிச்சப் படங்களையும் ஒன்றுவிடாமல் காட்டி முடித்தார். கடைசியில் பெருமையோடு நிமிர்ந்து, "இப்ப சொல்லுங்க. எதுவும் சந்தேகம் இருக்கா?" என்றார்.

"இல்ல சார்."

"அப்ப போட்டுரலாமா?"

காந்திமதி எழுந்துகொண்டாள்.

"அவுககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன் சார்."

"வீட்டுக்காரர்கிட்டயா? ரொம்ப நல்லது. அவரையும் கூட்டிட்டு வாங்க, நானே விளக்கிச் சொல்றேன்."

காந்திமதி அமலா டாக்டரைப் பார்த்தாள். அமலா டாக்டர் அவளைப் பார்த்தார்.

"கேட்டுட்டு வாங்க காந்திமதி. நான் இங்கதான இருக்கேன்."

அவள் போனதும் திருமேனிநாதன் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "முக்கால்வாசி முடிஞ்ச மாதிரிதான். வீட்டுக்காரர் எப்ப வருவாரு மேடம்?"

"வரமாட்டாரு சார்."

"ஏன், குடிகாரரா?"

"இல்ல சார். அவரு தவறிப்போயி வருசக்கணக்கா ஆச்சு."

திருமேனிநாதனுக்கு முகம் தொங்கிப்போனது.

"அப்ப எங்கிட்டப் பொய் சொல்லியிருக்கா! நீங்களும் தெரிஞ்சுகிட்டே கேட்டுட்டு வான்னு அனுப்புறீங்க. செத்துப்போனவங்ககிட்ட யாராவது போய்க் கேப்பாங்களா மேடம்?"

சொல்லும்போது அவர் விரல் தன் கல்யாண மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

"கேக்கமாட்டாங்களா சார்?" என்றார் அமலா டாக்டர்.

அன்று நோயாளிகள் எல்லாம் போய் ஓபி முடிந்த பிறகும் அவர் ஸ்டூலைவிட்டு எழவில்லை. தானாகவே பேச ஆரம்பித்தார்.

"நான் வேலையில இருந்தப்ப ஒரு பொண்ணு வந்தா மேடம். ரெண்டு சின்னக் குழந்தைங்க. எனக்குத் தெரிஞ்ச எல்லாம் செஞ்சு பாத்தேன். முடியல. கடைசியில என் கையைப் பிடிச்சுகிட்டு, 'இது வராமலே செஞ்சிருக்க முடியாதா சார்'னு கேட்டா. அப்ப எங்கிட்ட பதில் இல்ல. இப்ப இருக்கு. கையில இருக்கு. ஃப்ரிட்ஜுல இருக்கு. அதை வேணாம்னுட்டு ஒரு அம்மா எந்திரிச்சுப் போறதை என்னால பாக்க முடியல. அந்தச் சின்னப் பொண்ணு ரிப்பனைக் கடிச்சுகிட்டு உக்காந்திருந்தாளே. அவளுக்கும் நாளைக்கு இப்படி ஒரு நிலைமை வந்தா?"

அமலா டாக்டர் டம்ளரில் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

"அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்கு இப்ப பாக்குறவங்களுக்கெல்லாம் பதில் சொல்லிகிட்டிருக்கீங்க சார்."

"தப்பா?"

"அவ கேட்டா. காந்திமதி இன்னும் கேக்கலயே."

திருமேனிநாதனுக்கு அது காதில் விழுந்தது. மனதில் விழவில்லை. மறுநாள் காலை, குருவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், காரை எடுத்துக்கொண்டு நேராகத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்.

மதியம் திரும்பி வந்தபோது மனிதர் முகத்தில் அப்படி ஒரு களை.

"சம்மதிச்சுட்டா மேடம்! நான் சொல்லச் சொல்ல, சரி சார், சரி சார்னு எல்லாத்துக்கும் சரின்னுட்டா."

அமலா டாக்டர் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார்.

"எங்க வெச்சுப் பேசுனீங்க?"

"வேலை பாக்குற எடத்துலயேதான். மேஸ்திரிதான் கூப்பிட்டு விட்டாரு. 'காந்திமதி, மதுரையிலருந்து பெரிய டாக்டர் வந்திருக்காரு, ஒம் பிள்ள விசயமா'ன்னு ஒரு சத்தம் போட்டாரு பாருங்க, மொத்த ஆபீசும் கப்சிப்."

"வேற பொம்பளைங்க இருந்தாங்களா?"

"ஒரு கூட்டமே இருந்துச்சு. எல்லாருக்கும் சேத்தே கர்ப்பப்பையைப் பத்தி வெளக்கிட்டேன்."

அமலா டாக்டர் டப்பாவை மூடினார். அன்று அவர் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்கத் திருமேனிநாதனுக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் மூடிய டப்பாவைப் பார்க்கப் பார்க்க அவர் முகத்திலிருந்த களை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

சாயங்காலம் காந்திமதி வந்தாள். சீட்டு வாங்கவில்லை. கூட்டமெல்லாம் போகட்டும் என்று வாசல் பக்கம் நின்றாள். கடைசிக் குழந்தையும் போனபிறகு உள்ளே வந்தாள். உட்காரவில்லை.

"எதுக்கு சார் அங்க வந்தீக?"

"உங்க நல்லதுக்குத்தானேம்மா..."

"எம் பிள்ளைக்குக் கர்ப்பப்பையில என்னமோன்னு சாயங்காலத்துக்குள்ள தெருவெல்லாம் பேசிட்டாக. புத்துங்குறா ஒருத்தி. இன்னொருத்தி, அந்தப் பிள்ள எவங்கூடயோ சுத்துச்சாம், அதான் டாக்டரே தேடி வந்துட்டாருங்கா. பச்சப் பிள்ள சார் அது. பள்ளிக்கொடம் விட்டு வந்தவள நடுத்தெருவுல நிறுத்தி, ஒனக்கு என்னட்டி செய்யிதுன்னு கேட்டிருக்காளுக. வந்து அழுதுகிட்டு கெடக்கா. ஒங்க காலுல வேணா விழுதேன், இனிமே எங்கள விட்டுருங்க."

திருமேனிநாதன் வாயைத் திறந்தார். ஊர் வாய்க்குப் பயப்படக் கூடாது என்று ஒரு பதில் இருந்தது. விழிப்புணர்வு வேண்டும் என்று ஒரு பதில் இருந்தது. அவர் பையில் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ஆனால் எதிரே நின்றவளின் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபிறகு ஒன்றையும் எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"தப்புப் பண்ணிட்டேம்மா" என்றார். "நான் அங்க வந்திருக்கக் கூடாது."

அதோடு நிறுத்திக்கொண்டார். மின்விசிறி சுற்றியது. அமலா டாக்டர் அசையவில்லை. காந்திமதி கதவுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் எட்டாப்பு படிக்கையில ஊசி போட வந்தாக" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "வராண்டாவுல வரிசையா நிக்க வெச்சுப் போட்டாக. எனக்குப் போட்டு முடிச்சு எறங்குறேன், கண்ணு இருட்டிருச்சு. விழுந்துட்டேன். கையும் காலும் வெட்டுச்சாம். எனக்கு ஒண்ணும் தெரியாது. முழிச்சா சுத்திப் பள்ளிக்கொடமே நிக்கிது. பாவாட எங்க கெடக்குன்னுகூடத் தெரியல."

அவள் கால் மேல் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அந்த டாக்டரும் ஒங்கள மாதிரித்தான் சார் சொன்னாரு. பயப்படாதீக, ஒண்ணும் ஆகாதுன்னு. சொல்லிட்டு ஜீப்புல ஏறிப் போயிட்டாரு. நெசந்தான், எனக்கு ஒண்ணும் ஆகல. ஆனா காந்திமதிக்கு வலிப்புன்னு ஊருக்குள்ள ஆயிருச்சு. அத்த மகனுக்குத்தான் நான்னு பொறந்ததுலருந்து பேச்சு. வலிப்புக்காரிய எப்படிக் கட்டுறதுன்னு அத்தையே சொல்லிட்டாக. பெறகு ஒருத்தரும் கேட்டு வரல. கடைசியில இவுகளுக்குக் கட்டி வெச்சாக. வயசு கூடுதல். மொத சம்சாரம் தவறுனவுக."

அவள் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா தங்கமான மனுசன் சார். கட்டிட்டுப் போன அன்னைக்கே, 'பள்ளிக்கொடத்துல என்ன தாயி நடந்துச்சு'ன்னு எங்கிட்டக் கேட்டாக. அது வரைக்கும் என்னைய ஒருத்தரும் கேட்டதில்ல. ஊரே எனக்குச் சொல்லத்தான் செஞ்சுச்சு. இப்பமும் எதுன்னாலும் அவுக படத்துக்கு முன்னால நின்னு கேட்டுருவேன். பைத்தியக்காரின்னு நெனைக்காதீக."

"நினைக்கல தாயி" என்றார் திருமேனிநாதன்.

தன் கல்யாண மோதிரத்தைத் திருகிக்கொண்டார். பிறகு, இத்தனை நாளில் முதல்முறையாக, பதில் தெரியாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"அவரு என்ன சொன்னாரு?"

காந்திமதி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இவர் கேலி செய்கிறாரா என்று கண்ணில் தேடினாள். இல்லை என்று தெரிந்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது.

"ஒனக்கு நடந்தது பிள்ளைக்கு நடக்கக் கூடாதுன்னாக."

"எது நடக்கக் கூடாது?"

"விழக் கூடாது. விழுந்தாலும் நாலு பேரு பாக்கக் கூடாது."

"ஊசி?"

"ஊசிக்கு அவுக ஒண்ணும் சொல்லல சார். எனக்கும் ஊசி மேல கோவமில்ல. புத்து வந்தா என்னாகும்னு எனக்குத் தெரியாதா? எங்க சின்னம்மா அதுலதான் போனாக."

திருமேனிநாதன் கண்ணை மூடித் திறந்தார். எத்தனை படம் காட்டினோம் இவளுக்கு என்று நினைத்துக்கொண்டார்.

"தாயி, மயக்கம் வராதுன்னு நான் சொல்லமாட்டேன்" என்றார் மெதுவாக. "இந்த வயசுல சில பிள்ளைங்களுக்கு வரும். உங்களுக்கு வந்ததால இவளுக்கும் வரலாம். வந்தா கையும் காலும் வெட்டக்கூட வெட்டலாம். அது வலிப்பு இல்ல. அன்னைக்கு உங்களுக்கு வந்ததும் வலிப்பு இல்ல."

காந்திமதி அவர் முகத்தையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆனா படுத்திருக்கிறவ கீழ விழமுடியாது. கதவைச் சாத்தியிருந்தா யாரும் பாக்கமுடியாது. கட்டில்ல படுக்க வெச்சே போடலாம். நீங்க பக்கத்துலயே இருக்கலாம். போட்டு முடிச்சு, தெளிவா எந்திரிச்சு உக்காருற வரைக்கும் கதவு தெறக்காது. இவ்வளவுதான் எங்களால முடியும்."

"இவ்வளவு போதுமே சார்" என்றாள் காந்திமதி. "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சனிக்கிழமை தாயும் மகளும் வந்தார்கள். வெளியே கேட்கிறவர்களுக்குச் சொல்லப் பழைய சளி இருந்தது. அமலா டாக்டர் அவர்களை உள்ளறைக்கு அனுப்பிவிட்டு, மருந்து எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, "சார் பாத்துக்குவாரு" என்று வெளியே போய்க் கதவைச் சாத்தினார். சாத்திய கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்று, காத்திருந்த பிள்ளைகளிடம் பெயர் என்ன, என்ன படிக்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தர்ஷினி கட்டிலில் படுத்தாள். காந்திமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குமா தாத்தா?"

"வலிக்கும். கொஞ்ச நேரத்துக்குக் கை கனமா இருக்கும்."

"பரவாயில்ல. போடுங்க."

போட்டார். தர்ஷினி பல்லைக் கடித்துக்கொண்டு, "அவ்வளவுதானா?" என்றாள். அடுத்த நிமிடம் அவள் முகம் வெளுத்தது. நெற்றி வேர்த்தது. கண் செருகியது. வலது கை ஒருமுறை வெட்டி இழுத்தது.

காந்திமதி திருமேனிநாதனின் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் அவர் எலும்பு வலித்தது. பயப்படாதீங்க என்ற வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

"நாடி நல்லா இருக்கு. அவ காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க தாயி" என்றார். "ரெண்டு பேரும் சேந்து பிடிப்போம்."

ஆளுக்கொரு காலாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கதவுக்கு வெளியே யாரோ ஒரு பொடியன் அ, ஆ, இ சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தான். அவன் ஔ வரைக்கும் போவதற்குள் தர்ஷினி கண்ணைத் திறந்தாள்.

"ரெண்டு பேரும் எதுக்கு எங்காலப் பிடிச்சுகிட்டு நிக்கிறீங்க?" என்றாள்.

காந்திமதி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் ரொம்ப நேரம் அழுதாள். திருமேனிநாதன் அவளைத் தடுக்கவில்லை.

பிள்ளை எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அறைக்குள் நடந்து காட்டி, ரிப்பனைச் சரியாகக் கட்டிக்கொண்ட பிறகுதான் கதவு திறந்தது. காத்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு பெண் கடலைமிட்டாய் தின்றுகொண்டு அம்மாவோடு நடந்து போனாள். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அவரவர் தங்கள் பிள்ளையின் மூக்கைத் துடைக்கப் போய்விட்டார்கள்.

ஓபி முடிந்து இருவர் மட்டும் இருந்தபோது திருமேனிநாதன் சொன்னார்.

"நாளைக்கு மதுரைக்குக் கெளம்பறேன் மேடம். அடுத்த வாரம் ஒரு ஹால் நிறைய டாக்டர்கள் வந்து உக்காரப் போறாங்க. எல்லாரும் நான் வந்த மாதிரியே பதில் கேட்டு வருவாங்க. நான் என்னத்தைச் சொல்லிக்கொடுக்கறது?"

அமலா டாக்டர் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார்.

"சார், உங்க வயசுக்காரங்களுக்கு ஒரு ஊசி இருக்கு. நிமோனியா வராம காக்கும். போட்டாச்சா?"

"இன்னும் இல்ல."

"போட்டுருவமா?"

அவருக்கு அந்த ஊசியைப் பற்றி எல்லாம் தெரியும். தன் வயதுக்காரர்கள் எத்தனையோ பேருக்கு அவரே சொல்லிப் போட வைத்திருக்கிறார்.

"நாளைக்குப் பயணம் இருக்கே மேடம்."

"சரி சார்."

"கார் வேற நாந்தான் ஓட்டணும்."

"ஆமா சார்."

"மதுரையில போயி நிதானமா..."

"மனசுல என்ன ஓடுது சார்?" என்று கேட்டார் அமலா டாக்டர். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார்.

மின்விசிறி சுற்றியது. காலமெல்லாம் கத்தி பிடித்த அந்தக் கைக்கு ஊசி என்றால் பயம். இது உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. எப்போது ஊசி போட்டாலும் சிவகாமி பக்கத்தில் நின்று, யாரும் கவனிக்காதபடி அவருடைய மறு கையைப் பிடித்துக்கொள்வார். போன வருடம் சிவகாமி தவறியதிலிருந்து அவர் எந்த ஊசியும் போட்டுக்கொள்ளவில்லை.

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று ஆரம்பித்தவர், அப்படியே நிறுத்திக்கொண்டார்.

அமலா டாக்டர் அந்த டப்பாவைத் திரும்ப ஃப்ரிட்ஜுக்குள் வைத்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.

"கேட்டுட்டு வாங்க சார். நான் இங்கதான இருக்கேன்."